பக்கத்து வீட்டுக் கண்ணாடிப் பாத்திரம்

அயர்லாந்துக்குப் போன புதிதில் எங்கள் வீட்டில் வேலைக்குப் போனது அம்மா ஒருத்திதான். திண்டிவனத்தில் பிறந்து, நர்ஸ் படிப்புப் படித்து, பரீட்சைமேல் பரீட்சை எழுதி அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியவள். அப்பாவும் நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரான கெடாரில் இருந்த நிலத்தைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா பேச்சுக்காரர். ஒரு மூட்டை உரம் வாங்க விழுப்புரம் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வழியில் யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்று ஆரம்பித்து, அவர்கள் வீட்டு மாடு கன்று போட்டதுவரை விசாரிக்காமல் விடமாட்டார். அந்தப் பழக்கமும் எங்களோடு விமானம் ஏறிவிட்டது. போன மூன்றாம் நாள், பஸ் ஸ்டாப்பில் நின்ற ஓர் அம்மாளிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, தனக்கு வைத்திருந்த சாண்ட்விச்சில் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்துவிட்டாள்.

"உங்களப் பாத்தா பட்டினி கெடந்தவரு மாதிரியா இருக்குது?" என்று அம்மா ஒரு வாரம் சிரித்தாள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. அன்றோடு வெளியாட்களிடம் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். அம்மா டியூட்டிக்கும் நான் பள்ளிக்கும் போனபிறகு, பேச்சுத்துணைக்கு ஓர் ஈ காக்கைகூட இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது, தனியாகத்தான் இருக்கிறார் என்று அம்மா விசாரித்து வந்து சொன்னாள். ஒருநாள் அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில், ஆப்பிள் வைத்துச் சுட்ட ஏதோ பலகாரத்தைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் இருந்தது. பாத்திரத்தைக் கழுவியபோதுதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். "வெறும் பாத்திரத்த எப்டிக் குடுக்கிறது? நல்லாவா கீது?" என்றார் அப்பா. ஊரில் அடுப்படிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர், அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கேசரி கிளறினார். அது கரண்டியோடு சேர்ந்து இறுகிவிட்டது. ஒருவழியாகக் கரண்டியைப் பிடுங்கிவிட்டு, பாத்திரத்தை நிரப்பி என் கையில் கொடுத்தார். ஆங்கிலம் பேச வேண்டியிருக்குமே என்று, தான் போகவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தார். பெரியவர் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார்.

அந்த மனிதரும் ரோஷக்காரர். இரண்டே நாளில் அவித்த முட்டைக்கோஸோடு பாத்திரம் திரும்பி வந்தது. இங்கிருந்து எலுமிச்சை சாதம் போயிற்று. அங்கிருந்து உருளைக்கிழங்கு மசியல் வந்தது. இங்கிருந்து வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போயிற்று. இருவருக்கும் சமையல் தெரியாது. இருவரும் விடுவதாகவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஜன்னலில் இரண்டு கைகள் ஆடும்.

நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் நான். பிறர் கொடுத்த சோற்றைக் கொட்டுவது பாவம் என்பது அப்பாவின் சட்டம். அம்மா ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். பெரியவர் ஏதோ ஒரு சிவப்புத் தண்டை வேகவைத்துக் கூழாக்கி அனுப்புவார். புளியங்காயைக் கடித்தால்கூடப் பல் அப்படிக் கூசாது. அது மூன்றாவது முறையாக வந்த அன்று, அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கூழைக் குப்பையில் கொட்டினேன். பாத்திரத்தைத் துலக்கி, பெரியவர் வீட்டு வாசற்படியில் வெறுமையாக வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"பாத்திரம் எங்கம்மா?"

"குடுத்துட்டேன்பா. இனிமே ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாரு."

தலை துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அவரே சொன்னாரா?" என்றார். ஆமாம் என்றேன். "காரம் ஒத்துக்கல போலக்கீது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பிறகு சப்பென்று ஆகிவிட்டது. அப்பா ரசம் வைத்து அப்பளம் பொரிப்பதோடு சமையலை முடித்துக்கொண்டார். ஜன்னலில் நின்றால் கையாட்ட அங்கே ஆள் இல்லை. காய்ச்சலோ என்று அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். பெரியவர் தலையைப் படிய வாரி, கோட்டுப் போட்டுக்கொண்டு, அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். உள்ளே ஒன்றுமில்லை. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா, உன் அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று என்னிடம் கேட்டார்.

அதற்குள் அப்பா பின்னால் வந்துவிட்டார். "இன்னாம்மா சொல்றாரு?"

உள்ளதை உள்ளபடி சொன்னால் என் முதுகுத்தோல் உரிந்துவிடும். "அவருக்குப் பசிக்குதாம்பா," என்றேன்.

அவ்வளவுதான். "பசின்னு வந்தவர வாசல்லியே நிக்கவெச்சிக்கினு இருக்கியே! உள்ள வாங்க சார், வாங்க வாங்க," என்று அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார். சமாதானம் பேச வந்த மனிதருக்கு முன்னால் தோசைமேல் தோசையாக விழுந்தது. மல்லாட்டைச் சட்னியின் காரத்தில் மூக்கு சிவந்து கண்ணில் நீர் வழிந்தபோதும் அவர் நாலு தோசை சாப்பிட்டார். அப்பா கெடாரில் கிணறு வெட்டிய கதையைத் தமிழில் சொன்னார். பெரியவர் கோட்டுப் பையிலிருந்து மனைவியின் படத்தை எடுத்துக் காட்டி ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. பிழைத்தேன் என்று நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

மதியம் அவர் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் பாத்திரம் மேசைமேலேயே இருந்தது. பழைய பாவத்துக்குப் பரிகாரமாக நானே அதைத் துலக்கித் துடைத்து அப்பாவிடம் நீட்டினேன். "மறந்துட்டாருப்பா. இதுல இன்னா போட்டுக் குடுக்கிறது?"

"ஒண்ணும் போடாத. இங்கியே இருக்கட்டும்," என்று அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "வேணும்னா அவரே வந்து எடுத்துக்கினு போவாரு."

அப்பாடா, இவருக்கும் ஒருவழியாகச் சமையல் அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடினேன்.