தங்கை நிறுத்திய ரயில்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கனடாவின் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். என் தங்கை வட இங்கிலாந்தில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சின்ன ஊரில் இருந்தாள். வாடகை குறைவென்று குடும்பமாக அங்கே போனவர்கள். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், புல் மூடிய கரிக்கழிவு மேடு, அதன் அடியில் டிக்கெட் கொடுக்கக்கூட ஆளில்லாத ஒரு ஸ்டேஷன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலை ரயிலில்தான் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது அவள் குரல் சரியில்லை. காலை ரயில் இனி அங்கே நிற்காதாம். ஏறுகிறவர்கள் குறைவாம். ரயில் கம்பனிக்காரர் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்கப்போகிறார்களாம். பக்கத்து வீட்டிலிருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி, அவள்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். சுரங்கத்தை மூடியபோது தாங்கள் கத்திக் களைத்துவிட்டோம், புதுக் குரல் ஒன்று வேண்டும் என்றாராம்.

பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிட்டாலே முணுமுணுப்பாகப் பதில் சொல்பவள் என் தங்கை. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு பேச்சு எழுதி, இரண்டு ஞாயிறு எனக்கு வாசித்துக் காட்டினாள். அரசாங்கக் கடிதம் போல இருந்தது.

"உந்தப் பெரிய சொல்லெல்லாம் விடு. அந்த ரயிலிலை ஆர் ஆர் போகினம் எண்டு சொல்லு," என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் பிளாட்பாரத்தில் நின்றவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதினாள். கல்லூரிக்குப் போகும் பெண். முதியோர் இல்லத்தில் இருக்கும் கணவனைப் பார்க்கப் போகும் மனைவி. நுரையீரல் சிகிச்சைக்குப் போகும் அதே பக்கத்து வீட்டுக்காரர்.

கூட்டம் அங்கே மாலையில். இங்கே மத்தியானம். அன்று சாப்பாட்டு இடைவேளையைப் பிந்தி எடுத்துக்கொண்டு, நிலவறைப் பொதுத் தொலைபேசியில் அவளுடைய கைபேசிக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, கதைச்சிட்டன்."

பேச எழுந்தபோது தாள் விழுந்துவிட்டதாம். குனிந்து எடுக்கவில்லையாம். மனதில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாளாம்:

"நிலக்கரி இருந்தவரைக்கும் ரயில் நிண்டது. இப்ப ஆக்கள்தான் இருக்கினம். ஆக்களுக்காக ரெண்டு நிமிஷம் நிக்கேலாதோ?"

பக்கத்து வீட்டுக்காரர் கைத்தடியால் தரையில் தட்டத் தொடங்கினார். மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதைத்தான் நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் ரயில் கம்பனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. காலை ரயில் வழக்கம்போல நிற்கும். மழைக்கு ஒதுங்கப் பிளாட்பாரத்தில் ஒரு கூரையும் போடுவார்கள். போனில் அதை வாசித்தவளின் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. வார்த்தைகளை விழுங்காமல், ஒவ்வொன்றாக, உரக்க வாசித்தாள்.

மறுநாள் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கும் ஹெய்ட்டிக்காரியிடம், என் தங்கை ரயிலை வென்றுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். லொத்தரில் பரிசு விழுந்ததாக நினைத்தாள் போல. முழு ரயிலுமா என்று கண்களை விரித்தாள்.

திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஓம், முழு ரயிலும்தான் என்றேன்.