றிஸ்லாவுக்காகக் காத்திருந்த ஜெஸீமா டீச்சர்

அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் தொடங்கியது. இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா, இன்னாரின் சகோதரி என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில்தான் "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்றார்கள். அதுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஜெஸீமா டீச்சர் போய்விட்டார்.

கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாங்கள் இருவரும் நீண்ட காலம் படிப்பித்தோம். எனக்குத் தரம் மூன்று, அவருக்குத் தரம் நான்கு. இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். சுற்றாடல் பாடத்தில் மின்சுற்று வரும் வாரம் என் பிள்ளைகள் எழுத்தை விட்டுவிட்டுத் தடுப்பின் ஓட்டையில் கண் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவு சத்தம் அந்தப் பக்கம்.

மற்றவர்கள் நாங்கள் கரும்பலகையில் படம் கீறிப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்வோம். ஜெஸீமா டீச்சர் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு டோர்ச் பெற்றரி, ஒரு சின்ன பல்ப், இரண்டு துண்டு வயர் கொடுத்து, "எரிய வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்துவிடுவார்.

"டீச்சர், எரியிதில்ல."

"எனக்கும் தெரியிது."

"அப்ப என்ன செய்யிற?"

"கரண்ட் போற வழிய விரலால காட்டுங்க பாப்பம். எங்க நிண்டு போச்சு?"

அந்த வகுப்பில் மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் எப்போதும் இருப்பார்கள். பாவு நூல் அறுந்தால் பெரியவர்கள் ஒரு நொடியில் முடிச்சுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே வயரைக் கையில் கொடுத்ததும் அதையும் அப்படியே முடிந்துவிடுவார்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும் என்று தோன்றாது. முடிச்சு இழுத்தாலும் கழலாது. பல்ப் மட்டும் எரியாது. ஒருவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இறுக்கமாத்தானே டீச்சர் கட்டியிரிக்கன்!"

"இறுக்கம்தான் மகன். நீ கையில சாறனச் சுத்திக்கிட்டு எனக்கு ஸலாம் தந்தா, உன்ட கை என்ட கையில படுமா?"

அவன் யோசித்தான். பிறகு வயரை வாய்க்குக் கொண்டுபோனான். "பல்லால வேணாம்டா!" என்று டீச்சர் போட்ட கூச்சலில் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. உறையைக் கழற்றிய பிறகு மற்றப் பிள்ளைகள் ஒட்டிய டேப் எல்லாம் கழன்று விழ, தறிக்காரர் முடிச்சுத்தான் வாரக் கடைசி வரை நின்றது.

ஓய்வறையில் நாங்கள் பகிடி பண்ணுவோம். "டீச்சர், லைன் இழுக்கிற வேலைக்கு எழுதிப் போடுங்களன்."

"ஏணி ஏற ஏலாது. இல்லாட்டி உங்களோட இருந்து ஏன் கஷ்டப்படுறன்?"

இப்படிப்பட்டவர் ஒரு பிள்ளையின் முன்னால் மட்டும் வழி தெரியாமல் நின்றார்.

றிஸ்லா வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்து, இங்கே சாச்சி வீட்டில் தங்கிப் படித்தவள். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன வாப்பா, யானைக்கென்று யாரோ இழுத்திருந்த கரண்ட் கம்பியில் கால் வைத்து மௌத்தாகியிருந்தார். மின்சுற்று வாரம் வந்தபோது பக்கத்துப் பிள்ளை பெற்றரியை எடுக்க, றிஸ்லா இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டாள்.

"புள்ளைக்கு விருப்பமில்லையா?"

"கரண்ட் டீச்சர்."

டீச்சர் பெற்றரியைத் தன் உள்ளங்கையில் பொத்திக் காட்டினார். "இங்க பாரு, இது ஒரு பாவம். ஒரு நுளம்பக் கொல்லவும் இதுக்குச் சக்தி இல்ல. சுவர்ல இரிக்கிறதும் கம்பியில வாறதும்தான் பொல்லாதது. அதுகளத் தொடவே கூடா. இதத் தொடலாம்."

பிள்ளை தலையை ஆட்டினாள். கைகள் வரவில்லை.

"கையப் பிடிச்சி வெச்சி விடுங்களன், பயம் போயிரும்" என்று ஓய்வறையில் ஒருவர் சொன்னார்.

"வேணாம். அவட வாப்பாவக் கொண்டுபோன சாமான் அது. அவட கை தானா வரணும். வரும்."

அதன்பின் மின்சுற்றுப் பாடம் முடிந்த பிறகும், ஓய்வான பாட வேளைகளில் ஒரு பெற்றரியும் பல்பும் றிஸ்லாவின் மேசை ஓரத்தில் இருக்கும். டீச்சர் எதுவும் சொல்லமாட்டார். மற்றவர்களின் சாமான் பெட்டியை றிஸ்லாவே தூக்கிக்கொண்டு போய்ப் பங்கிடும் அளவுக்கு வந்தாள். அது பெரிய விடயம் என்று டீச்சர் என்னிடம் ஓடிவந்து சொன்னார். ஆனால் வயரை எடுத்து அவள் பொருத்தவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனவளை உம்மா அங்கேயே நிறுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை.

டீச்சர் அதை மறக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முதல் நாள் பாடத்தையே மாற்றினார்: எது ஆளைக் கொல்லும், எது கொல்லாது என்பதைப் பிள்ளைகள் வாயாலே சொல்ல வைத்த பின்புதான் பெற்றரியை வெளியே எடுப்பார். ஓய்வுபெற்ற பிறகும் சந்திக்கும்போதெல்லாம் கேட்பார், "அந்தப் புள்ளையப் பத்தி ஏதும் கேள்விப்பட்டீங்களா?"

கடைசியாக நோயில் படுத்திருந்தபோது போனேன். மெதுவாகக் கதைத்தார்.

"நான் பொறுமை எண்டு நினைச்சன். பயம் வளரத்தான் நேரம் குடுத்திட்டன் போல. பக்கத்தில இருந்து நானும் வயர்ட ஒரு நுனியப் பிடிச்சிருக்கலாம்."

"அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னது சரியா பிழையா என்று இத்தனை காலம் படிப்பித்த எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. பின்னேரம் அஸர் நேரம் பெண்களோடு அந்த வீட்டில் இருந்தேன். ஒரு பெண், ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஜனாஸா எடுத்தாச்சா?"

"லுஹரோட எடுத்தாச்சி மகள். நீங்க யாரு?" என்றேன்.

"றிஸ்லா. டீச்சர்ட்ட படிச்ச."

பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள், "என்ட மகளுக்கு ஸ்கூல்ல பல்ப் எரிச்சிக்கிட்டு வரச் சொல்லிக் குடுத்திரிக்காங்க. 'எனக்கு ரெண்டு கைதானே உம்மா இரிக்கி, நீங்க ஒரு வயரப் பிடிங்க' எண்டா. மாட்டன் எண்டன். அவ விடல்ல. பிடிச்சன் டீச்சர். ஜெஸீமா டீச்சர்ட்ட வந்து சொல்லணும் எண்டு நினைச்சன். வயல்ல சூடடிப்பு முடியட்டும், முடியட்டும் எண்டு இருந்திட்டன்."

சிறுமி என்னைப் பார்த்து, "உம்மா கண்ண மூடிக்கிட்டுத்தான் பிடிச்சாங்க. எரிஞ்சத அவங்க காணவே இல்ல" என்றாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். றிஸ்லாவும் சிரித்தாள். ஜெஸீமா டீச்சர் கேட்டிருந்தால் எல்லோரையும் விட அவர்தான் உரக்கச் சிரித்திருப்பார். ஒரு வாரத்துக்கு முன் இந்தக் கதை வந்திருந்தால், சுவரைப் பார்த்திருந்த அந்த முகம் ஒருமுறை திரும்பியிருக்கும். அதை நினைக்கத்தான் மனம் ஆறவில்லை.

டீச்சர், நீங்கள் கேட்காமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, நீங்கள் பொறுமையோடு காத்திருந்த ஒவ்வொரு நேரத்துக்கும் கூலி தருவானாக. அன்று பொழுது சாய்ந்து மஃரிபு வரை றிஸ்லா அந்தப் பாயில் இருந்தாள். எப்படிப் பிடித்தாள் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அழுத்திச் சேர்த்துக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் கண்களைத் திறந்தே வைத்திருந்தாள்.