மண்பொம்மையும் நாரையும்

வெலிச்காவுக்கு 'அழகு' என்ற சொல்லைக் கண்டாலே ஆகாது. டான்யூப் ஆற்றங்கரையில் அவள் பாடம் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில், எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் பிள்ளைகள் "மிகவும் அழகாக இருந்தது" என்று முடித்துவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில், நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் பள்ளித்தோழி ருமியானாவை நச்சரித்து ஒரு மண்பொம்மையை இரவல் வாங்கி வந்தாள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மை. மூக்கு உண்டு, வாய் இல்லை. வயிற்றில் சுழி சுழியாகக் கோடுகள். அதை மேசைமேல் வைத்துப் பிள்ளைகளிடம் சொன்னாள்:

"ஆறாயிரம் வருஷப் பழசு. சாமியா, விளையாட்டுச் சாமானா, யாருக்கும் தெரியாது. தெரியாததை எழுத வேணாம், கண்ணுல படுறத எழுதுங்க. அழகுன்னு எழுதினா காதைத் திருகிடுவேன்!"

பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். இரண்டு வரிக்கு மேல் என்றும் எழுதாத இவெலினா, பொம்மையின் முதுகில் யாருடையதோ விரல் ரேகை பதிந்திருப்பதைக் கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதியிருந்தாள். படித்த வெலிச்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, எல்லாரும் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டார்கள்; வசந்தத்தின் முதல் நாரையைப் பார்த்த பிறகுதான் அதை அவிழ்ப்பார்கள். பொம்மை மட்டும் என்ன பாவம் செய்தது? அதன் கழுத்திலும் ஒன்றை இறுக்கிக் கட்டினார்கள். பொம்மையை எடுத்துப்போக மறுநாள் வந்த ருமியானா அலறினாள்.

"தொடக் கூடாதுன்னு சொல்லித்தானேடி குடுத்தேன்! கத்தரிக்கோலக் கொண்டா!"

கத்தரிக்கோல் வந்தது, ருமியானாவுக்குக் கைதான் வரவில்லை. நாரை கண்ணில் படுமுன் அந்த நூலை அறுத்தால் வருஷம் விளங்குமா? எவ்வளவு படித்தால் என்ன, அவள் கையிலும் அதே நூல்தானே!

"இந்தக் கோலத்துல கொண்டுபோனா எங்க ஆபீசர் என்னை உரிச்சிடுவார். நாரை வந்ததும் வருவேன். அப்போ சாக்கு சொல்லாதே."

பொம்மை போனால் பிள்ளைகள் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுவார்களே என்பதுதான் வெலிச்காவின் பயம். நாரைகள் வழி தப்பட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

முதல் நாரையோ வந்து எதிர்வீட்டுப் புகைபோக்கியிலேயே நின்றது. பின்னாலேயே ருமியானாவும் வந்தாள். இவெலினா ஓடிப்போய் ஒரு தாளை நீட்டினாள்.

"எதிர்வீட்டில் ஏதோ நிற்கிறது. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு. ஒரு காலை மடக்கியிருக்கிறது. மடக்கிய காலில் சேறு, ஊன்றிய காலில் இல்லை. சாமியா, விளையாட்டுச் சாமானா, யாருக்கும் தெரியாது."

ருமியானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாரைன்னு ஒத்துக்கிட்டா பொம்மை போயிடும்னு இந்தக் குறும்பா?" என்று இவெலினாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தோழியிடம் திரும்பினாள். "ஏண்டி, வருஷாவருஷம் நாரைய பாக்குறேன். கால் சேத்தை நான் பாத்ததே இல்ல. இனி உனக்கு எதுக்கு என் பொம்மை?"

வெலிச்கா தானே நூலை அவிழ்த்தாள். பொம்மை பெட்டிக்குள் போனதை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. அந்தச் சேறு நிஜமா என்று பார்க்க எல்லாரும் ஜன்னலில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.