அளவு குறையாமல் ஊற்றிய தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனி மேடம் ஒரு வெள்ளைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் அப்படியே இருக்கிறது. குழாயின் மேல்தோல் பல்லால் கடித்த மாதிரிக் கிழிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்து, பாவம் இந்தப் பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததுதான் இன்றைக்கும் கூசுகிறது.

தாம்பரத்துக்கு மேற்கே ஒரு சின்னக் கம்பெனி அது. ஹீட்டர் கம்பி மேல் மாட்டுகிற பீங்கான் குழாய்கள் செய்வோம். மைதா மாதிரி இருக்கும் தூளைத் தண்ணீரில் கரைத்து, பசை சேர்த்துப் பிசைந்து, முறுக்கு பிழிகிற மாதிரி மிஷினில் பிழிந்தால் குழாய் நீளமாக வரும். தூள் கட்டி தட்டாமல் கரைய வேண்டும், அதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்காகத் தண்ணீரில் முதலில் ஏதோ ஒரு மருந்தைச் சில சொட்டு விடுவார்கள். அந்தக் கலவைப் பிரிவுக்கு இன்சார்ஜ்தான் மேடம். அங்கே கூட்டித் துடைத்து எடுபிடி வேலை பார்ப்பவள் நான். படிப்பை முடித்து வந்த சின்னப் பெண், என் மூத்த மகள் வயது இருக்கும். கரைப்பதற்கென்று சுத்தத் தண்ணீர் தனியாகப் பெரிய கேன்களில் வரும். அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை.

அப்போது நாங்கள் பீர்க்கன்கரணையில் குடியிருந்தோம். அந்தக் கோடையில் எங்கள் வீட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியவில்லை. என் மாமியாருக்குப் பல் கிடையாது. "கல்லப் போட்டு கொழம்பு வச்சிருக்கியா?" என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் கம்பெனியின் சுத்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். பருப்பு வெண்ணெயாய்க் குழைந்தது. அப்புறம் தினமும் கொண்டுபோனேன். சும்மா எடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் ஒரு டம்ளர் சர்க்கரை திருப்பிக் கொடுப்போம். அதே மாதிரி, எடுத்த அளவுக்குக் கம்பெனித் தண்ணீர்க் குழாயில் வரும் போர்த் தண்ணீரைப் பிடித்துக் கேனில் ஊற்றி வைத்தேன். திருட்டு என்று மனதில் படவே இல்லை. அளவுதான் குறையவில்லையே.

மிஷினில் பிழியும்போதே பீங்கான் குழாய்கள் கிழிய ஆரம்பித்தன. காயும்போது விரிசலும் விட்டன. மேடம் தூள் மூட்டையை மாற்றினார், சலித்தார், மருந்தைக் கூட்டினார், குறைத்தார். புதுக் கேன் திறந்தால் நன்றாக வரும். கேன் தீரத் தீர மறுபடியும் கிழியும். அவருக்குப் பிடிபடவில்லை. முதலாளி சார் எங்கள் எல்லார் எதிரிலும் கத்தினார். "காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாம்மா? இந்த லாட் சரக்கு நேரத்துக்குப் போகலன்னா நீ வீட்டுக்குக் கிளம்பிக்கலாம்." நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நான் கேனில் தண்ணீர் ஊற்றும்போது மேடம் வந்துவிட்டார். நான் மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது?

"என்னக்கா பண்றீங்க?"

"ரெண்டு பாட்டில் எடுத்தேன் மேடம், பருப்புக்கு. எடுத்ததுக்கு கொழாத் தண்ணி ஊத்திட்டேன். ஒரு சொட்டு கொறையல."

அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட் மேல் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்து தூளோட ஒவ்வொரு துகளையும் தனித்தனியாப் பிரிச்சு வைக்குதுக்கா. போர்த் தண்ணில இருக்கற உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உங்க பருப்பை வேகவிடாத அதே தண்ணிதான் இங்கயும்."

மேடம் சாரிடம் போய், என் பேரை எடுக்காமல், "தண்ணில தப்பு சார், இனிமே நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். குழாய்கள் சரியாக வந்தன. ஆனால் லாட் தாமதமாகத்தான் போனது.

மறுநாள் காலையில் பெருங்களத்தூரிலிருந்து அவர் ஸ்கூட்டியில் வரும்போது கால் வைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கேன் இருந்தது. "எங்க வீட்ல நல்ல தண்ணி வருதுக்கா. பருப்புக்கு வச்சிக்கோங்க." அதற்கப்புறம் தினமும் கொண்டுவந்தார். விஷயம் தெரியாத மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். "இன்னாக்கா, உனுக்கு மட்டும் மெட்ரோ வாட்டரு ஸ்கூட்டில வந்துகினு கீது? எந்த கவுன்சிலரப் புடிச்ச?" மேடமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் தலையை நிமிர்த்த மாட்டேன். மேடம் அன்றைக்கே திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். ஒருதரம் தைரியம் வந்து, "வேணாம் மேடம்" என்றேன். "ஏன், மாமியாருக்குப் பல்லு மொளச்சிடுச்சா?" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம் கேனை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். "நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்க்கா. கேன் உங்ககிட்டயே இருக்கட்டும்." ஏன் மேடம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பஸ் லேட்டு என்று யாரோ சொன்ன மாதிரித் தலையை ஆட்டிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். லாட் தாமதமானதை சார் மனதில் வைத்திருந்து அனுப்பிவிட்டார் என்றும் பேச்சு இருந்தது. எது உண்மை என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. இரண்டாவதுதான் உண்மை என்று யாராவது சொல்லிவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தூளின் பெயரையும் மருந்தின் பெயரையும் தெரியாததால் எழுதவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னதில் தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தக் கம்பெனியில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்ல வேண்டும். மேடம் தானாகப் போனாரா, அனுப்பிவிட்டார்களா? அனுப்பிவிட்டார்கள் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த முறை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட மாட்டேன்.