இடது பக்கம் பேசவில்லை

என் வீட்டுக்காரர் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்னாலிருந்தே அதே கம்பெனி, அதே மிஷின். தகட்டை வைத்து மிதியை மிதித்தால் இரும்பு 'டமார்' என்று இறங்கும், ஒரு மூடி விழும். நாள் முழுக்க அந்தச் சத்தம் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். வீட்டுக்கு வந்தால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். நூறு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை "ம்" என்பார். "செவுத்துக்கிட்ட பேசியிருந்தா அதாவது திரும்பிப் பாத்திருக்கும்" என்று நானும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அழுத்தக்காரர் என்று நான் வைத்த பெயர் சொந்தக்காரர்களிடமும் நிலைத்துவிட்டது.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து, கரகரவென்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார். எங்கள் ஒரே மகள் வேலைக்குப் போன முதல் மாதமே, காதுக்குள் செருகுகிற இயர்போன் ஒன்று வாங்கி வந்தாள். அவளே கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் பொருத்திவிட்டாள்.

மனிதருடைய கண் அகன்றுபோயிற்று. "அடேயப்பா! பாடுறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுக்குது பாரு! தபலாக்காரன் விரலு தோல்ல உரசுறதுகூடக் கேக்குது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

பிறகு இடது காதைத் தொட்டுப் பார்த்தார். "இது பேசல."

மகள் வாங்கித் தன் காதில் வைத்தாள். "ரெண்டும் நல்லாத்தானேப்பா இருக்கு?"

"எனக்குத் தெரியாதா? பேசலங்கிறேன்."

மறுநாள் கடைக்குப் போய் வேறு ஜோடி மாற்றி வந்தார். அதிலும் இடது பக்கம் ஊமை. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போய் ரகளை பண்ணிவிடுவாரோ என்று பயந்து நானும் கூடவே போனேன். பயந்தபடியேதான் நடந்தது. "எம் பொண்ணு மொத சம்பளத்துல வாங்கினதுய்யா! ஏமாத்துறதுக்கு வேற ஆள் கெடைக்கலையா?"

கடைக்காரர் பொறுமைசாலி. "அண்ணே, கோவப்படாதீங்க. வலதை எடுத்து இடதுல வைங்க, இடதை எடுத்து வலதுல வைங்க" என்றார்.

இவர் மாற்றி வைத்தார். ஊமை என்று சொன்னது பாடியது. இதுவரை பாடியது ஊமையாகிவிட்டது. "இது எப்படி?" என்று என்னைப் பார்த்தார். கடைக்காரர் தலையைக் குனிந்து ஏதோ பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். இவர் இடது காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

காது டாக்டர் பார்த்துவிட்டு, "மிஷின் சத்தம்தான். அந்தக் காது போய் ரொம்ப வருஷம் ஆகியிருக்கும். இன்னொண்ணு ஓரளவுக்குக் கேக்குறதால உங்களுக்குத் தெரியல" என்றார்.

"எங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்பவே போயிருக்குமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. ஏன்?"

அதைச் சொல்ல வேண்டியது டாக்டரிடம் இல்லை.

மகளுக்குப் பிறகு எனக்கு ஒன்று வயிற்றிலேயே கலைந்தது. ஆஸ்பத்திரியில், இனிமேல் குழந்தை தங்காது என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து இவர் அழைத்துப்போக வந்தார். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, அவருடைய இடது பக்கத்தில் நடந்துகொண்டே, தரையைப் பார்த்தபடி அதைச் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பஸ் வந்துடுச்சு, வா" என்றார். அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரன் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

காது டாக்டர் கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் நான் அவருடைய வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை நேராகப் பார்த்து, அன்றைக்குச் சொன்னதை அப்படியே மறுபடி சொன்னேன்.

"முன்னாடியே சொன்னதுதாங்க" என்றேன். அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "எப்ப சொன்னே?"

"அன்னிக்கே சொன்னேங்க. ஆஸ்பத்திரி வாசல்லேருந்து நடந்து வரும்போது."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

"நான்…" என்று இழுத்தார். "எங்கூட இன்னொண்ணு பெத்துக்க உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன். மூஞ்சியே குடுக்க மாட்டே. கேட்டு உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு இருந்துட்டேன்." பிறகு, "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?" என்றார்.

சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் விடவில்லை. சொன்னேன்.

அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் அழுதேன்.

எங்கள் பஸ் வந்து எதிரே நின்றது. "ஏங்க, பஸ் வந்துடுச்சு" என்றேன்.

"போகட்டும்" என்றார். வலது காதை என் பக்கம் சாய்த்தார். "நீ சொல்லு. அன்னிக்கு ஆஸ்பத்திரில டாக்டர் என்ன சொன்னாங்க? உனக்கு ரொம்ப வலிச்சுதா?"