என்னைத் தள்ளிவிட்ட வாத்தியார்

கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி, நாற்பது வருஷமாகப் புதுச்சேரியில் மீன் விற்கிறவள் நான். போன வருஷம் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து மகன் என்னைக் கூடையைத் தொட விடவில்லை.

"இன்னொரு தடவ விழுந்தா அவ்ளோதாம்மா."

விழுவதுதானே பயம், அதையே கற்றுக்கொள்கிறேன் என்று ஐகிடோ வாத்தியாரிடம் போனேன். அது ஜப்பான்காரர்களின் தற்காப்பு வித்தை; அடிபடாமல் விழுவதுதான் அதில் முதல் பாடம்.

ஒல்லியான மனுஷன். பாவாடை மாதிரி கறுப்பாக ஒன்று கட்டியிருப்பார். வாசலில் கிடக்கும் எல்லார் செருப்பையும் வெளியே பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார், மீன்தண்ணி ஊறிய என் செருப்பு உட்பட.

இரண்டு மாதம் குந்தியபடியே உருளச் சொன்னார். குந்துவது எனக்குப் புதுசா என்ன? பிறகு ஒருநாள் கையை நீட்டி, மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். வாத்தியாராச்சே என்று மெதுவாகப் பிடித்தேன்.

"ஏமாத்தாதீங்கம்மா. நெசமா புடிச்சாத்தான் எனக்கு மரியாத."

"வலிக்குமே சார்."

"வலிக்கட்டும். மூச்ச மட்டும் அடக்காதீங்க."

உயிருள்ள விலாங்கைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். பிடித்த கையோடு என்னைச் சுழற்றித் தள்ளிவிட்டார். நான் பாயில் உருண்டு, எழுந்து உட்கார்ந்திருந்தேன். எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அவர் மறுபடியும் கையை நீட்டினார்.

மறுநாள் கூடையை எடுத்தேன். மகன் வழியை மறித்தான்.

"எங்க, என் கையப் புடிச்சு நிறுத்து பாப்போம்" என்றேன்.

கண்ணாடி டம்ளரைப் பிடிப்பதுபோல் பிடித்தான். உதறிவிட்டு பஸ் ஏறினேன்.

வீடே என்னை விழாமல் தாங்கிக்கொண்டிருந்தபோது, தள்ளிவிட்டவர் அவர் ஒருத்தர்தான். யார் செருப்பையும் தொடாதவள் நான். அவர் செருப்பை மட்டும் இப்போது நான்தான் திருப்பி வைக்கிறேன்.