சாம்பல் குருவியும் புதுப் போனும்

மலைக்காட்டில் பறவை காட்டக் கூட்டிப்போகும் அக்கா, போன மாதம் ஒரு பயணியின் போனைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிட்டாளாம். பேருந்து ஓட்டுநர் சொன்னார். அவருக்கு வேறு யாரோ சொன்னது. அக்காவிடமே கேட்டால், பூட்ஸ் கயிற்றை இறுக்கியபடி, "வீசல. கை துறுதுறுன்னுச்சு, அவ்வளவுதான்" என்கிறாள்.

எல்லாம் ஒரு சாம்பல் நிறப் பாட்டுக்குருவிக்காக.

"மேலோட்டமா பாத்தா தூசி படிஞ்ச குருவிதான். கண்ணப் பாருங்க, சுத்தி வெள்ளை வளையம். பறக்கும்போது றெக்கைல மங்கலா மஞ்சப் பட்டை, வாலோரம் வெள்ளை. கூட்டத்துல தேடாதீங்க. உச்சிக் கொம்புல தன்னந்தனியா, முதுகு வளையாம உக்காந்திருக்கும், எங்க பெரியம்மா பந்தியில உக்கார்ற மாதிரி." சிரிக்கத் தொடங்கியவர்கள் அடுத்த பேச்சில் வாயை மூடிக்கொள்வார்கள். "எவனாவது போன்ல அது பாட்டப் போட்டீங்க, பாதி வழியில விட்டுட்டுப் போயிடுவேன்."

பாட்டைக் கேட்டதும் ஆண் குருவி, தன் இடத்துக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்குப் பாய்ந்து வரும். படமெடுக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். பாதையோர மண்மேட்டில், வேர்களுக்கடியில் இருக்கும் கூட்டில் குஞ்சுகள் வாய் பிளந்து இரைக்குக் காத்துக்கிடக்கும். போன வருடம் அத்தனையும் பசியில் விறைத்துப்போயின. நாள் முழுக்கப் பாட்டுப் போட்டவன் வெளியாள் இல்லை. அடிவாரத்தில் விடுதி நடத்தும் அவளுடைய தம்பி. அன்றைக்கு அவனோடு பேச்சை முறித்தாள்.

நேற்று அவன் வாசலில் வந்து நின்றான். "புதுப் போனுக்கா. எல்லாம் நானே போட்டு வச்சிருக்கேன். காட்டுல தனியா சுத்துற, ஒண்ணுன்னா கூப்பிட வேணாமா?" வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை மண்மேட்டுக்கு எதிரே கையை உயர்த்திப் பயணிகளை நிறுத்தினாள். உச்சிக் கொம்பில் குருவி, அலகில் புழுவோடு. அப்போது பாட்டு கேட்டது. அவள் தீப்பிடித்த முகத்தோடு திரும்பினாள். எல்லோரும் அவளுடைய சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புழு கீழே விழுந்தது. குருவி அவள் தலைக்கு மேல் சிறகடித்துச் சுற்றியது. போனை வெளியே எடுத்தாள். திரையில் 'தம்பி' அழைப்பு. எதை அமுக்கினால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதையா போட்டு வச்ச, படுபாவி!"

போனைக் கம்பளிச் சால்வையில் சுருட்டி, ஈரத் தரையில் வைத்து, அதன்மேல் சப்பென்று உட்கார்ந்தாள். பயணிகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அவளுக்கடியில் குருவி விடாமல் பாடிக்கொண்டிருந்தது.